அட்டவணையில் ஒரு வரி: இந்திய வங்கிப் புள்ளிவிவரத் தொகுப்பும் மைசூர் வங்கியும், 1913–2017

மைசூரு அக்ரஹாரத்தில் குடியிருக்கும் ஒருவர் தன் வட்டாரத்து வங்கிக் கிளையில் வருமான வரி கட்டினால், சலானில் ஏழு இலக்க எண் ஒன்று அச்சாகிறது. அதற்கு பி.எஸ்.ஆர். குறியீடு என்று பெயர். முதல் மூன்று இலக்கங்கள் வங்கியையும் அடுத்த நான்கு கிளையையும் குறிக்கின்றன. வரி ஆலோசகர்கள் இதைத் தினமும் எழுதுகிறார்கள். ஆனால் இந்த எண் வரிக்காகப் பிறந்ததல்ல. நாட்டின் ஒவ்வொரு வங்கிக் கிளையும் யாருக்கு, எதற்கு, எவ்வளவு கடன் தருகிறது என்று எண்ண வேண்டும் என 1972-இல் எடுத்த முடிவிலிருந்து வந்தது அது.

வங்கிகளின் செயல்திறனை ஆராய்கிறவர்கள் பெரும்பாலும் எண்களிலிருந்து தொடங்குகிறார்கள். அந்த எண் நிற்கும் பத்தி எந்த ஆண்டு, எதற்காகச் சேர்க்கப்பட்டது என்று கேட்பவர்கள் குறைவு. இந்திய வங்கி அட்டவணைகளின் பத்திகள் பலவும் ஒரு வங்கி விழுந்த பிறகோ, ஓர் அரசியல் முடிவை ஒட்டியோ சேர்ந்தவை. அந்தத் தேதிகளைத் தவறவிடும் ஆய்வு, படிவம் மாறியதை வங்கி மாறியதாக எழுதிவிடும். இதுவே இக்கட்டுரையின் வாதம். 1913-இல் தொடங்கி 2017-இல் முடிந்த மைசூர் வங்கியின் வரலாறு இதற்கு நல்ல சான்று. பிறப்பும் இறப்பும் தெளிவாகத் தெரிகிற ஒரு முழு வரி அது.

வீழ்ச்சியிலிருந்து வந்த பத்திகள்

1906 அக்டோபரில் சென்னையில் ஆர்பத்நாட் நிறுவனம் திவாலானது. பென்ஷன் பணத்தையும் சேமிப்பையும் அங்கே போட்டிருந்த குடும்பங்கள் நடுத்தெருவில் நின்றன. அந்த அதிர்ச்சியின் விளைவாகவே வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோரின் முயற்சியில் 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது. சுதேசி வேகத்தில் நாடெங்கும் வங்கிகள் முளைத்த காலம் அது. மங்களூரில் கனரா வங்கியும் உடுப்பியில் கார்ப்பரேஷன் வங்கியும் 1906-இல் தொடங்கியவை.

ஜான் மேனார்ட் கெய்ன்ஸ் 1913-இல் இந்திய நாணய முறை பற்றி எழுதிய நூலில், கிடைத்த எண்களைக் கொண்டு இந்திய வங்கிகளின் மூலதனம், டெபாசிட், ரொக்கக் கையிருப்பு ஆகியவற்றை அட்டவணை ஆக்கிப் பார்த்தார். டெபாசிட்டுக்கு ஈடாகக் கையில் இருந்த ரொக்கம் மிகக் குறைவாக இருந்தது. அடுத்த நெருக்கடியில் சிறிய வங்கிகள் விழுந்துவிடும் என்று எச்சரித்தார். அதே ஆண்டில் லாகூரின் பீப்பிள்ஸ் வங்கியும் பம்பாயின் இந்தியன் ஸ்பீசி வங்கியும் மூடின. தொடர்ந்து பல வங்கிகள் சரிந்தன.

மைசூர் வங்கி தொடங்கியதும் அந்த 1913-இல்தான், அக்டோபர் 2 அன்று. நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆட்சி, திவான் எம். விஸ்வேஸ்வரய்யா. 1911-இல் கூடிய மைசூர் பொருளாதார மாநாட்டின் சிந்தனையிலிருந்து வந்த வங்கி அது. அரசின் ஆதரவு இருந்ததால், மற்ற ஊர்களில் வங்கிகள் சாய்ந்த ஆண்டிலும் அதனால் கால் ஊன்ற முடிந்தது.

இந்த வீழ்ச்சிகளை அடுத்து, 1915 முதல் இந்திய அரசின் புள்ளிவிவரத் துறை வங்கிகளுக்கென்று தனி அட்டவணைத் தொகுப்பை வெளியிட்டது. அதில் வங்கிகளைப் பிரித்த விதம் கவனிக்கத் தக்கது. செலுத்தப்பட்ட மூலதனமும் காப்பு நிதியும் சேர்ந்து 5 லட்சம் ரூபாய்க்கு மேல் இருந்தால் முதல் வகுப்பு. 1 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை இரண்டாம் வகுப்பு. விழுந்த வங்கிகள் பல, அனுமதிக்கப்பட்ட மூலதனத்தைப் பெரிதாக விளம்பரம் செய்து, உண்மையில் வசூலித்ததோ சொற்பமாக இருந்தவை. அந்த ஏமாற்றுக்கு மறுமொழியாகவே ‘செலுத்தப்பட்ட’ என்ற சொல் வகைப்பாட்டின் அடிப்படையானது. வாராக்கடன் என்ற பத்தி அன்று இல்லை. வங்கிக்குச் சொந்தப் பணம் இருக்கிறதா என்பதே அன்றைய கேள்வி.

1935 ஏப்ரல் 1-இல் ரிசர்வ் வங்கி வந்ததும் கேள்வி மாறியது. 1934-ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 42-ஆம் பிரிவுப்படி, அச்சட்டத்தின் அட்டவணையில் இடம்பெற்ற வங்கிகள், அதாவது அட்டவணை வங்கிகள், தம் கேட்பு டெபாசிட்டில் 5 விழுக்காடும் தவணை டெபாசிட்டில் 2 விழுக்காடும் ரிசர்வ் வங்கியில் வைக்க வேண்டியிருந்தது. வாராவாரம் கணக்கும் அனுப்ப வேண்டியிருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை தெரிந்தது இனி வெள்ளிதோறும் தெரிந்தது. ஆனால் எண் தெரிந்தால் போதாது என்பதை 1938 ஜூனில் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கியின் வீழ்ச்சி காட்டியது. அது அட்டவணை வங்கி. தவறாமல் கணக்கு அனுப்பும் கடமை அதற்கு இருந்தது. அந்தக் கணக்கு உண்மையா என்று உள்ளே போய்ப் பார்க்கும் அதிகாரம் ரிசர்வ் வங்கிக்கு இல்லை. 1949-இன் வங்கி நிறுவனங்கள் சட்டத்துக்குப் பின்னால் இந்த அனுபவம் இருக்கிறது. ஆய்வு அதிகாரம், ஒரே வடிவில் இருப்புநிலைக் குறிப்பு, வங்கித் தொழிலின் போக்கு பற்றிய ஆண்டறிக்கை ஆகிய எல்லாவற்றுக்கும் அந்தச் சட்டமே ஊற்று.

1951-இல் 566 ஆக இருந்த வணிக வங்கிகள் 1969-இல் 89 ஆகச் சுருங்கின. 1960-இல் பாலாய் சென்ட்ரல் வங்கி மூழ்கிய பிறகு சிறிய வங்கிகளை இணைப்பது வேகம் பிடித்தது. இந்தக் காலத்தில் ‘ஒரு வங்கியின் சராசரி டெபாசிட்’ ஏறுவதைக் காட்டி வளர்ச்சி என்று எழுதுவது பெரும் பிழை. சிறியவை வரிசையிலிருந்து போனாலே சராசரி தானாக ஏறும். மைசூர் வங்கியும் 1960 மார்ச் 1 முதல் ஸ்டேட் வங்கியின் துணை வங்கியாகி, ஸ்டேட் பேங்க் ஆஃப் மைசூர் என்று பெயர் மாறி, அட்டவணையில் வேறு குழுவுக்கு நகர்ந்தது. வங்கி அதேதான், அது நின்ற தலைப்பு மாறியது.

எண் விதியான இரண்டு ஆண்டுகள்

1969 ஜூலை 19-இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. எந்த வங்கிகள் என்பதை முடிவு செய்தது 42-ஆம் பிரிவின் கணக்கே: 1969 ஜூன் கடைசி வெள்ளியன்று 50 கோடி ரூபாய்க்குக் குறையாத டெபாசிட் உள்ளவை. கனரா, சிண்டிகேட், இந்தியன், இந்தியன் ஓவர்சீஸ் வங்கிகள் கோட்டுக்கு மேலே இருந்தன. 1980 ஏப்ரல் 15-இல் கோடு 200 கோடி. கார்ப்பரேஷன் வங்கியும் விஜயா வங்கியும் அரசிடம் போயின. மங்களூரின் கர்நாடகா வங்கி தனியாரிடமே நின்றது.

பிற்கால ஆராய்ச்சிக்கு இந்தக் கோடு பெரிதும் உதவியது. கோட்டுக்குச் சற்று மேலும் கீழும் இருந்த வங்கிகள் 1980 வரை ஏறத்தாழ ஒரே மாதிரியானவை. ஆகவே அதற்குப் பின் அவற்றிடையே தெரியும் வேறுபாட்டை உடைமை மாற்றத்தின் விளைவாகக் கொள்ளலாம். 2009-இல் வெளியான ஷான் கோலின் ஆய்வு இந்த உத்தியையே கையாண்டது.

கிளைக்குள் சென்ற கணக்கு

நாட்டுடைமைக்குப் பிறகு கேள்வி மறுபடியும் மாறியது. பணம் யாருக்குப் போகிறது? தலைமையகத்தின் இருப்புநிலைக் குறிப்பு இதற்குப் பதில் சொல்லாது. ஏ. ராமன் தலைமையிலான வங்கிப் புள்ளிவிவரக் குழுவின் பரிந்துரைப்படி 1972 டிசம்பரில் அடிப்படைப் புள்ளிவிவர அறிக்கை முறை வந்தது. இதன் ஆங்கிலச் சுருக்கமே பி.எஸ்.ஆர். தொடக்கத்தில் 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட ஒவ்வொரு கடனுக்கும் கிளையில் தனி வரி எழுத வேண்டும்: கடன் வாங்கியவரின் தொழில், பணம் பயன்படும் மாவட்டம், கணக்கின் வகை, வட்டி, வரம்பு, நிலுவை. கணினி இல்லாத கிளைகளில் ஊழியர்கள் பேரேட்டைப் பார்த்துக் குறியீடு குறியீடாகக் கையால் நிரப்பினார்கள். உலகில் இவ்வளவு நுணுக்கமாகக் கடனை எண்ணிய நாடுகள் அன்று மிகக் குறைவு என்றே கருதுகிறேன். அந்த ஊழியர்களின் உழைப்புக்கு நம் ஆய்வுலகம் இன்னும் உரிய நன்றி சொல்லவில்லை.

தனி வரிக்கான குறைந்தபட்ச வரம்பு பின்னர் 25,000 ஆகி, 1999 மார்ச் முதல் 2 லட்சமானது. அதற்குக் கீழுள்ள கடன்கள் மொத்தமாக மட்டும் பதிவாயின. அக்ரஹாரத்தின் ஒரு மளிகைக் கடைக்காரர் வாங்கிய 15,000 ரூபாய்க் கடன் 1970-களில் தனி வரி. பிறகு அது திரளில் கலந்துவிட்டது. சிறு கடன் பற்றிய நீண்ட காலத் தொடரை அமைப்பவர்கள் இந்த முறிவுகளைக் குறிப்பிடாமல் கோடு வரையக் கூடாது.

ஊர்ப் பிரிவும் அப்படித்தான். 10,000-க்குக் கீழ் மக்கள்தொகை இருந்தால் கிராமம். 1 லட்சம் வரை சிறுநகரம். 10 லட்சம் வரை நகரம். அதற்கு மேல் பெருநகரம். 2011 கணக்கெடுப்பில் மைசூரு 10 லட்சத்தை எட்டவில்லை என்பதால் அது ‘நகரம்’. அடுத்த கணக்கெடுப்பு ஏற்கப்படும் நாளில், ஒரு புதிய கிளைகூடத் திறக்காமலே மைசூருவின் டெபாசிட் முழுவதும் ‘பெருநகர’ப் பத்திக்குத் தாவக்கூடும்.

கிளை எண்ணிக்கையைக் கொண்டு நடந்த ஆய்வுகளில் பெரிதும் பேசப்பட்டது ராபின் பர்ஜெஸ், ரோகினி பாண்டே இருவரும் 2005-இல் வெளியிட்டது. வங்கி உள்ள ஊரில் ஒரு கிளை திறக்க வேண்டுமானால் வங்கியில்லாத ஊர்களில் நான்கு திறக்க வேண்டும் என்ற விதி 1977 முதல் 1990 வரை இருந்தது. அந்த விதியால் ஏற்பட்ட ஏற்ற இறக்கத்தைக் கொண்டு, கிராமக் கிளைகள் வறுமையைக் குறைத்தன என்று அவர்கள் வாதிட்டார்கள். முடிவை மறுத்தவர்கள் உண்டு. ஆனால் அந்த விவாதம் நடக்கவே கிளைப் பதிவேடு வேண்டியிருந்தது.

லாபம் என்ற பத்தி

என் பார்வையில் மிகப் பெரிய பொறி இங்கேதான் இருக்கிறது. 1990-களின் தொடக்கம் வரை வங்கிகள் ‘வழக்கமான, தேவையான ஒதுக்கீடுகளுக்குப் பிறகு’ என்ற சொற்களோடு லாபத்தை அறிவிக்கலாம். ஒதுக்கீடு எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. நல்ல ஆண்டில் மறைத்து வைத்து, மோசமான ஆண்டில் எடுத்துக் காட்டலாம். 1992 மார்ச் 31-இல் முடிந்த ஆண்டு முதல்தான் புதிய படிவம் வந்தது. இன்னொரு முறிவும் உண்டு: கணக்காண்டு டிசம்பரிலிருந்து மார்ச்சுக்கு மாறியபோது, 1988–89 கணக்கு 15 மாதங்களுடையதாயிற்று. அந்த ஆண்டின் வருமானத்தை அப்படியே எடுத்து ஒப்பிட்டால், கால்வாசி ஆண்டு கூடுதலாகச் சேர்ந்ததை உற்பத்தித் திறன் என்று சொல்வோம்.

1986 முதல் 1991 வரை 70 வங்கிகளின் திறனை அளந்து பட்டாச்சார்யா, லவல், சஹாய் மூவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு லாபத்தைத் தொடவில்லை. கடன், முதலீடு, டெபாசிட் ஆகியவற்றை விளைவாகவும், வட்டிச் செலவையும் இயக்கச் செலவையும் இடுபொருளாகவும் கொண்டது. அக்காலத் தரவுக்கு அதுவே நேர்மையான தேர்வு. பொதுத்துறை வங்கிகள் முன்னணியில் இருப்பதாக அவர்கள் கண்டார்கள். ஆனால் புதிய விதிகளின்படி எண்ணியபோது, 1993 மார்ச்சில் பொதுத்துறை வங்கிகளின் கடனில் 23.2 விழுக்காடு வாராக்கடன். அந்த மூவரின் ஆய்வில் கொடுத்த கடனெல்லாம் விளைவு. திரும்பி வராத கடனும் விளைவுதான். தவறு ஆய்வாளர்களுடையதல்ல. திரும்பி வந்ததா என்று சொல்லும் பத்தி அன்று இல்லை.

பத்தி வந்த பிறகும் அதன் பொருள் நிலையாக இல்லை. நிதி அமைப்பு பற்றிய நரசிம்மம் குழுவின் 1991 அறிக்கையை ஒட்டி வந்த வாராக்கடன் வரையறை படிப்படியாக இறுகி, தவணை தவறலாம் என்ற கால வரம்பு 2004 மார்ச் முதல் 90 நாளானது. 2015-இல் ரிசர்வ் வங்கி சொத்துத் தரத்தைத் தானே துருவிப் பார்த்தது. அவ்வாண்டு மார்ச்சில் 4 விழுக்காட்டைச் சற்றே தாண்டியிருந்த வாராக்கடன் விகிதம், 2018 மார்ச்சில் 11-ஐத் தாண்டியது. மூன்று ஆண்டில் வங்கிகள் அவ்வளவு கெட்டுவிடவில்லை. முன்பே கெட்ட கடன்கள் அப்போதுதான் அந்தப் பெயரில் எழுதப்பட்டன.

அட்டவணைக்கு வெளியே நின்றவர்களையும் மறக்க முடியாது. 1951–52-இல் நடந்த அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வின்படி, விவசாயிகள் வாங்கிய கடனில் வணிக வங்கிகளின் பங்கு 0.9 விழுக்காடு; கூட்டுறவின் பங்கு 3.1. மைசூரில் வாழ்ந்த ஆர்.கே. நாராயண் 1952-இல் வெளியிட்ட நாவலின் நாயகன் மார்கய்யா, கூட்டுறவு நில அடமான வங்கியின் எதிரே ஆலமரத்தடியில் தகரப் பெட்டியோடு உட்கார்ந்து தொழில் செய்தான். வங்கிக்கும் மக்களுக்கும் நடுவில் இருந்த அந்த மரத்தடி எந்தப் பத்தியிலும் ஏறியதில்லை.

வரி முடிந்த நாள்

2017 ஏப்ரல் 1-இல் ஸ்டேட் பேங்க் ஆஃப் மைசூர் ஸ்டேட் வங்கியோடு இணைந்தது. மற்ற நான்கு துணை வங்கிகளும் பாரதிய மகிளா வங்கியும் அன்றே இணைந்தன. ஸ்டேட் வங்கியின் டெபாசிட் 2017 மார்ச்சில் ஏறத்தாழ 20.4 லட்சம் கோடி. ஓராண்டில் 27 லட்சம் கோடி. அந்தத் தாவலில் பெரும்பகுதி, மற்ற வரிகளிலிருந்து இந்த வரிக்கு வந்தது. பிறகு 2019-இல் விஜயா வங்கியும் 2020-இல் சிண்டிகேட், கார்ப்பரேஷன் வங்கிகளும் பட்டியலிலிருந்து போயின. தமிழ்நாட்டிலும் தஞ்சாவூர் வங்கி, தமிழ்நாடு வங்கி, மதுரா வங்கி, லட்சுமி விலாஸ் வங்கி என்று முடிந்த வரிகள் உண்டு. இன்றிருக்கும் வங்கிகளை மட்டும் எடுத்துப் பின்னோக்கிப் போகும் ஆய்வு, பிழைத்தவர்களின் கதையை எல்லோருடைய கதையாகச் சொல்கிறது.

ரிசர்வ் வங்கியின் அண்மைக்காலத் தொகுப்புகள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. 1915 முதல் வந்த பழைய தொகுதிகளும் எண்ணாகத் தேடக்கூடிய வடிவில், பத்தி விளக்கங்களோடு, வெளிவர வேண்டும். முடிந்துபோன வங்கிகளின் ஆண்டறிக்கைகளும் கிளைப் பேரேடுகளும் கழிவுத் தாளாகப் போவதற்குள் பல்கலைக்கழகங்கள் கேட்டு வாங்க வேண்டும். மைசூர்ப் பல்கலைக்கழகம் 1916-இல், வங்கி தொடங்கி மூன்றே ஆண்டில், அதே விஸ்வேஸ்வரய்யா திவானாக இருந்தபோது பிறந்தது. அந்த வங்கியின் நூற்று மூன்று ஆண்டுக் கணக்குகளைக் காக்க அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.