சாலை யார் பக்கம் விரிகிறது?

ஒரு ஊரின் கடைத்தெருவை அகலப்படுத்தப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தால் இரண்டு குரல்கள் உடனே எழும். "நெரிசல் தாங்கவில்லை, இடித்துவிட்டு ரோட்டைப் போடுங்கள்" என்பது ஒன்று. "எங்கள் கடையைத் தொடாதீர்கள்" என்பது இன்னொன்று. முதல் குரல் வண்டி வைத்திருப்பவருடையது. இரண்டாவது, சாலையோரத்தில் பட்டா வைத்திருப்பவருடையது. இரண்டுக்கும் அதிகாரிகள் பதில் சொல்கிறார்கள். வண்டியும் பட்டாவும் இல்லாத மூன்றாவது கூட்டம் ஒன்றும் அதே சாலையில்தான் வாழ்கிறது. கோப்பில் அதற்கு 'ஆக்கிரமிப்பு' என்று பெயர்.

சாலை வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. பேருந்தை நம்பிக் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கும், ஆம்புலன்ஸ் சேரிக்குள் வர வேண்டுமே என்று காத்திருப்பவர்களுக்கும் சாலையின் அருமை தெரியும். தெருவில் நடக்கும் உரிமைக்கே போராடியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒரு சாலையை விரிக்கப் பல வழிகள் இருக்கும்போது, அதில் ஒன்றை எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்?

ஐந்து வழிகள், ஐந்து கணக்குகள்

காரியாபட்டியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை போகும் வழியில் இருக்கும் பேரூராட்சி, தாலுகா தலைநகர். மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலை ஊரை ஒட்டிப் போகிறது. ஆனாலும் மல்லாங்கிணறு பக்கத்து மானாவாரிக் கிராமங்களிலிருந்து தாலுகா ஆபீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வருகிறவர்கள் ஊருக்குள் வந்துதான் ஆக வேண்டும். இப்படிப்பட்ட ஊரின் கடைத்தெருவை விரிக்க வேண்டும் என்றால் பொறியாளர் முன் பொதுவாக ஐந்து வழிகள் இருக்கும்.

முதலாவது, நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் சமமாக எடுப்பது. பார்க்க நியாயமாக இருக்கும். ஆனால் ஒரு பக்கம் மாடிக் கட்டடம், மறுபக்கம் தகரக் கொட்டகை என்றால் சமமான அளவு சமமான இழப்பு ஆகாது. இரண்டாவது, ஒரு பக்கம் மட்டும் எடுப்பது. எந்தப் பக்கம் என்பதை 'செலவு குறைவான பக்கம்' என்ற வரி தீர்மானிக்கும். மூன்றாவது, புறவழிச்சாலை. 'ஊருக்கு வெளியே போகட்டும்' என்று எல்லோரும் சுலபமாகச் சொல்லும் வழி இது. ஊருக்கு வெளியே யார் இருக்கிறார்கள்? சேரியை ஊருக்கு வெளியே வைத்த நாட்டில், ஊரைச் சுற்றிப் போகும் சாலை எங்கே போய் முட்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நான்காவது, மேம்பாலம். நிலம் குறைவாகப் போகும், பணம் அதிகம் போகும். ஐந்தாவது, அகலத்தைத் தொடாமல் இருக்கும் இடத்தை ஒழுங்குபடுத்துவது. மின்கம்பங்களை ஓரத்துக்கு நகர்த்துவது, வாகனம் நிறுத்தும் இடத்தை மாற்றுவது, சரக்கு இறக்கும் நேரத்தை வரையறுப்பது, பேருந்து நிற்கும் இடத்தைச் சரிசெய்வது, நடைபாதை போடுவது எல்லாம் இதில் சேரும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸ் தரப்படி ஒரு தடத்துக்கு 3.5 மீட்டர். நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர். இரண்டு தடம், இரண்டு நடைபாதை என்றால் 10.6 மீட்டர் போதும். நான்கு தடம், இரண்டு நடைபாதை, நடுவில் ஒன்றேகால் மீட்டர் தடுப்பு என்றால் ஏறக்குறைய 19 மீட்டர் வேண்டும். இடையில் இருக்கும் எட்டு மீட்டர் என்பது ஒரு வரிசை வீடுகளின் ஆழம். அந்த எட்டு மீட்டரை யாரிடமிருந்து எடுப்பது என்பதைப் பொறியியல் முடிவுசெய்வதில்லை. காகிதம் முடிவுசெய்கிறது.

தெரு எப்போது பொதுவானது?

இந்தக் கரிசல் சீமையில் சாலை என்றைக்கும் வெறும் போக்குவரத்து வழியாக இருந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டில் வணிகத்துக்காக வண்டிப் பாதைகளில் நகர்ந்த நாடார்கள், வண்டியையும் சரக்கையும் காக்கப் பேட்டைகளைக் கட்டினார்கள். அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, விருதுபட்டி, சிவகாசி போன்ற ஊர்களில் அவர்கள் கால் ஊன்றியது அப்படித்தான். ஆனாலும் கோயிலுக்குள் வர அவர்களுக்குத் தடை இருந்தது. 1897இல் கமுதி கோயில் நுழைவு வழக்கானது. 1899இல் சிவகாசியில் கலவரம் வெடித்தது. கமுதி வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. பின்னாளில் அவர்களை உயர்த்தியது சாலையோர வணிகமும் அதில் சேர்ந்த சொத்தும். சாலை முகப்பில் ஒரு துண்டு நிலம் கிடைத்தவருக்கும் கிடைக்காதவருக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதை இந்த வரலாறு காட்டுகிறது. பறையர், பள்ளர், அருந்ததியர் சாதிகளுக்கு அந்த முகப்பு கிடைக்கவில்லை.

முகப்பு மட்டுமல்ல, தெருவில் நடப்பதே மறுக்கப்பட்டது. 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் எதிலும் எந்தச் சாதியாரும் போய்வரத் தடையில்லை என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறி, அரசாணையும் வந்தது. தெருவில் நடப்பதற்கு அரசாணை வேண்டியிருந்தது என்பதை மறக்கக் கூடாது.

அதே ஆண்டில் வைக்கம் போராட்டம் தொடங்கியது. பெரியார் இரண்டு முறை சிறை சென்ற போராட்டம் அது. 1925இல் அது முடிந்த விதத்தைச் சாலை வடிவமைப்பாகவும் படிக்கலாம். கோயிலைச் சுற்றிய சாலைகளில் மூன்று பக்கம் எல்லோருக்கும் திறந்தது. கிழக்குப் பக்கம் சாதி இந்துக்களுக்கு ஒதுக்கப்பட்டே இருந்தது. கோயிலே திறந்தது 1936இல், திருவிதாங்கூர் ஆலய நுழைவுப் பிரகடனத்தால். முழு உரிமையைக் கேட்டவர்களுக்குச் சமரசமாகக் கிடைத்தது ஒரு வரைபடம்.

வரைபடத்தால் சாதியைக் காப்பது அத்தோடு நிற்கவில்லை. மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் 1989இல் எழுந்த சுவர், தலித் குடியிருப்பைப் பொதுப் பாதையிலிருந்து பிரித்தது. அதில் ஒரு பகுதியை இடித்து வழி திறக்க 2008 மே வரை ஆனது. 1924 அரசாணைக்குப் பிறகு 84 ஆண்டுகள்!

காகிதம் எப்படி வழியைத் தேர்ந்தெடுக்கிறது

1891–92இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் அரசுக்கு அனுப்பிய அறிக்கை, பஞ்சமி நிலத்துக்கு அடிப்படையானது என்று நமக்குத் தெரியும். அதில் இன்னொரு செய்தியும் உண்டு. பறையர்கள் குடியிருந்த வீட்டுமனைகூட மிராசுதாரர் பிடியில் இருந்தது. எதிர்த்துப் பேசினால் குடியிருப்பிலிருந்தே வெளியேற்றலாம் என்பதுதான் மிராசுதாரர் கையில் இருந்த ஆயுதம்.

வயலும் இல்லை, மனையும் சொந்தமில்லை என்றானவர்கள் எங்கே குடியேறுவார்கள்? சாலைப் புறம்போக்கு, ஓடைக்கரை, கண்மாய்க்கரை. பட்டா மறுக்கப்பட்டதால் புறம்போக்குக்குப் போனார்கள். புறம்போக்கில் இருப்பதால் இன்று பட்டா இல்லை என்கிறார்கள். 1905இல் வந்த நில ஆக்கிரமிப்புச் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. அதன்படி அவர்களுக்குக் கிடைப்பது நோட்டீஸ். பட்டாதாரருக்குக் கிடைப்பது இழப்பீடு.

இப்போது பொறியாளரின் மேசைக்குத் திரும்புவோம். ஐந்து வழிகளுக்கும் செலவு மதிப்பீடு போடுகிறார். பட்டா நிலத்துக்கு விலை உண்டு. புறம்போக்கில் இருக்கும் வீட்டுக்கு விலை பூஜ்யம். கூட்டிப் பார்த்தால் 'மலிவான வழி' எதுவென்று தானே தெரிந்துவிடும். அவர் சாதி பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. நூறு ஆண்டுகளுக்கு முன்பே சாதி பார்த்து எழுதிய காகிதம் அந்த வேலையைச் செய்து முடித்துவிட்டது.

தஞ்சாவூரில் ஒருவர் நடந்து பார்த்தார்

இதற்கு மாற்றே இல்லையா? ஸ்காட்லாந்தைச் சேர்ந்த நகரத் திட்டவியலாளர் பேட்ரிக் கெடிஸ் 1914–15இல் சென்னை மாகாண நகரங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியில், நெருக்கமான குடியிருப்பை நேர்நேராகச் சாலை வெட்டிச் சீர்செய்யும் திட்டம் இருந்தது. கெடிஸ் அதை ஏற்கவில்லை. சந்து சந்தாக நடந்தார். பாழடைந்து கிடக்கும் வீடுகள், காலி மனைகள், ஏற்கனவே உள்ள சிறு முற்றங்கள் எவை என்று குறித்தார். அவற்றை இணைத்தாலே காற்றும் வழியும் கிடைக்கும், பெரும்பாலான வீடுகள் நிற்கும், செலவும் மிகக் குறையும் என்று காட்டினார். ஸ்கேல் வைத்து அலுவலகத்தில் கோடு போடுவதால் இது வராது, களைத்துப்போகும் வரை நடந்தால்தான் வரும் என்பது அவர் பாடம். கெடிஸ் சாதியை ஆராய வந்தவர் அல்லர். ஆனால் முதலில் நடந்து எண்ணு, பிறகு கோடு போடு என்ற அவர் முறையை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

எண்ணாமல் கோடு போட்டதன் விலையைச் சென்னையில் பார்த்தோம். துறைமுகம்–மதுரவாயல் உயர்நிலைச் சாலை ஏறக்குறைய 19 கிலோமீட்டர். அதன் பெரும்பகுதிக்குக் கூவம் கரையைத் தேர்ந்தெடுத்தார்கள். 2009இல் அடிக்கல் நாட்டினார்கள். கரையில் வாழ்ந்த குடும்பங்களை நகரத்துக்கு வெளியே செம்மஞ்சேரி பக்கம் ஏற்றி அனுப்பினார்கள். தூண்கள் ஆற்றை மறிக்கும் என்று 2012இல் வேலை நின்றது. 2022இல் வடிவம் மாறி மறுபடி அடிக்கல். வடிவமைப்பைத் திருத்த முடிந்தது. வேலைக்கும் பள்ளிக்கும் அருகில் இருந்த வீட்டைத் திருப்பித் தர முடியவில்லை.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்காவின் செயின்ட் பால் நகரில் ராண்டோ என்ற கறுப்பின மக்களின் குடியிருப்பு இருந்தது. 1950களில் நெடுஞ்சாலை வந்தபோது, ரயில் பாதையை ஒட்டி வடக்கே ஒரு வழி உண்டு என்று நகரத்தின் பொறியாளர் ஜார்ஜ் ஹெரால்டே சொன்னார். அதைத் தள்ளிவிட்டு ராண்டோவின் நடுவில் சாலை போட்டார்கள். அறுநூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேறின. 2015இல் நகர மேயர் மன்னிப்புக் கேட்டார். மாற்று வழி இல்லாததால் அது நடக்கவில்லை. மாற்று வழி மேசையில் இருந்தபோதே நடந்தது.

நாம் கேட்க வேண்டியவை

2013 நிலம் கையகப்படுத்தல் சட்டம், மாற்று இடம் பரிசீலிக்கப்பட்டதா என்று சமூகத் தாக்க மதிப்பீட்டில் பார்க்கச் சொல்கிறது. நிலமில்லாத கூலித் தொழிலாளியையும் பாதிக்கப்பட்டவர் என்கிறது. ஆனால் தமிழ்நாடு அரசு தன் 2001 நெடுஞ்சாலைச் சட்டத்துக்கு அதிலிருந்து விலக்கு வாங்கியது. 2019 ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்த விலக்கு செல்லாது என்றது. அதே மாதம் அரசு புதுச் சட்டம் இயற்றியது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஆகவே மாநிலச் சாலைகளில் சட்டம் தானாக நமக்காகக் கேள்வி கேட்காது. நாம்தான் கேட்க வேண்டும்.

1. பரிசீலித்த வழிகள் எத்தனை, தள்ளியதற்குக் காரணம் என்ன? தகவல் உரிமைச் சட்டத்தில் எல்லா வரைபடங்களையும் கேளுங்கள். 'ஒரே வழிதான்' என்ற பதில் வந்தால், யாரும் நடந்து பார்க்கவில்லை என்று பொருள்.

2. மதிப்பீட்டில் பட்டா இல்லாத வீடுகள் எத்தனை என்று எண்ணப்பட்டதா? அவர்கள் எண்ணவில்லை என்றால் நாமே எண்ணுவோம். வீட்டு எண், ரேஷன் கார்டு, மின் இணைப்பு, எத்தனை வருடக் குடியிருப்பு என்று ஒரு நோட்டில் இருந்தாலே அது ஆவணம்.

3. செருப்புத் தைப்பவர், பூ விற்பவர், கிழங்கு விற்பவர் கணக்கில் வருகிறார்களா? 2014 சாலையோர வியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுப்பு முடியாமல் யாரையும் அகற்றக் கூடாது. அகற்றுவதற்கு முன் 30 நாள் நோட்டீஸ் வேண்டும்.

4. நடுத்தடுப்பில் வழி எங்கே விடுகிறார்கள்? கல்யாண மண்டபத்துக்கு எதிரில் விட்டுவிட்டு, சேரியிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் இடத்தில் அடைத்தால் அது இன்னொரு உத்தபுரம். பொதுப் பாதையை மறிப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம் என்பதையும் நினைவூட்டுங்கள்.

5. சாலையின் மட்டம் எவ்வளவு உயர்கிறது, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறது? பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டால், பள்ளத்தில் இருக்கும் காலனிதான் கண்மாயாகும்.

இந்த ஐந்தும் சாலையை நிறுத்தும் கேள்விகள் அல்ல. இவற்றுக்குப் பதில் சொன்ன பிறகு போடும் சாலை இன்னும் நல்ல சாலையாக இருக்கும். இரட்டைமலை சீனிவாசன் காலத்தில் தெருவில் நடக்க விடு என்று கேட்டோம். இன்று அந்தத் தெருவை வரையும்போது எங்களையும் எண்ணு என்று கேட்கிறோம். அடுத்த முறை உங்கள் ஊரில் சிவப்புப் பெயின்ட் டப்பாவோடு அளக்க வந்தால், நோட்டும் டேப்பும் எடுத்துக்கொண்டு நீங்களும் கூடவே நடங்கள்.

ஜெய்பீம்!