முதலில் மருந்து: எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி சிகிச்சையின் வரலாறும் நம் கடமையும்



பண்டிதர் அயோத்திதாசரின் நினைவாக நடக்கும் உரைக்கு நோயையும் மருந்தையும் ஏன் பொருளாக எடுத்தீர்கள் என்று சிலர் கேட்டார்கள். பண்டிதரை நாம் பௌத்த மீட்பராகப் பேசுகிறோம், 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' ஏட்டைத் தொடங்கியவராகப் பேசுகிறோம். அவர் சித்த மருத்துவர் என்பதை மட்டும் ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். நாடி பிடிக்காமல் சித்த மருத்துவம் இல்லை. தொடக்கூடாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்களிடமிருந்து வந்த ஒருவர், மனிதரைத் தொட்டு மருத்துவம் பார்த்தார். இன்றைய உரைக்கு அந்த ஒரு செய்தி போதும்.

நாம் பழவேற்காட்டு ஏரிக்கரையில் கூடியிருக்கிறோம். இங்குள்ளவர்களுக்குப் 'பாடு' முறையை விளக்க வேண்டியதில்லை. மாணவர்களுக்காகச் சொல்கிறோம். ஏரியின் நல்ல மீன்பிடி இடங்களில் யார், எந்த நாளில் வலை கட்டுவது என்பதைப் பட்டினவர் கிராமங்கள் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு அது. உள்ளே இருப்பவர்களுக்கு அது நியாயமான முறைதான். தலித்துகளும், சேற்றுத் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களும் அந்தப் பங்கீட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். ஏரி பொது, முறை சாதிக்குரியது. மருந்தின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்திருக்கிறது. மருந்து இருந்தது, அது யாருடைய முறை என்பதை வேறு யாரோ முடிவு செய்தார்கள்.

1. பூட்டிய விடுதி

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது இங்கிருந்து 60 கிலோமீட்டருக்குள், சென்னையில். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலாவும் அந்த ஆய்வைச் செய்தார்கள். மயிலாப்பூரில் இருந்த அரசுக் காப்பு விடுதியில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளப் பெண்களிடம் நிர்மலா ரத்த மாதிரிகள் எடுத்தார். கையுறைகூட இல்லை. மாதிரிகளைத் தன் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் காத்தார். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் கிருமி இருப்பது தெரிந்தது. எளிய குடும்பப் பின்னணியிலிருந்து வந்த ஒரு மாணவி செய்த அரிய வேலை அது. அதை நாம் மதிக்கிறோம்.

ஆனால் ரத்தம் கொடுத்த பெண்களின் கதை வேறு. அவர்களுடைய பெயர்கள் எந்த வரலாற்றிலும் இல்லை. கிருமி இருப்பதாகத் தெரிந்த பெண்களைத் தண்டனைக் காலம் முடிந்த பிறகும் விடாமல் வைத்திருந்தார்கள். அதற்குச் சட்டம் எதுவும் இல்லை. பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போன பிறகு, 1990-இல்தான் கதவு திறந்தது. இதே ஆண்டுகளில் கோவாவில், ரத்த தானம் செய்யப்போன டொமினிக் டிசோசா என்ற இளைஞரை 1989-இல் பிடித்து, ஒரு பழைய காசநோய் மருத்துவமனையில் 64 நாள் அடைத்து வைத்தார்கள். அங்கே அப்படிச் செய்ய ஒரு சட்டமே இருந்தது.

நோயைக் கண்டதும் அரசு செய்த முதல் காரியம் ஒதுக்கி வைத்ததுதான். இதை மருத்துவ அறிவு சொல்லித் தரவில்லை. எச்.ஐ.வி. தொடுவதால் பரவாது என்பது அப்போதே தெரிந்த செய்தி. ஊரையும் சேரியையும் பிரித்து வைத்துப் பழகிய சமூகத்துக்கு இதற்கென்று புதிதாகப் பயிற்சி தேவைப்படவில்லை.

நம்மையும் நாம் விட்டுவிடக் கூடாது. தேநீர்க்கடையின் இரட்டைக் குவளைக்கு எதிராகப் போராடிய தெருக்களிலேயே, எச்.ஐ.வி. உள்ள மருமகளுக்குத் தனித் தட்டும் தனித் தம்ளரும் வைத்த வீடுகள் உண்டு. கணவனிடமிருந்து நோய் வந்தது, கணவன் இறந்தான், பழி அவள் மேல் விழுந்தது, வீடும் போயிற்று. இது நம் தெருக்களில் நடந்தது.

2. தாம்பரமும் மும்பையும்

தொண்ணூறுகளில் பல மருத்துவமனைகள் எச்.ஐ.வி. என்று தெரிந்தாலே நோயாளியைத் திருப்பி அனுப்பின. அப்போது வாசலைத் திறந்து வைத்த இடம் தாம்பரம் சானடோரியம். 1928-இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனை அது. ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவர்களைப் பார்த்துப் பழகிய இடம். அங்கே கண்காணிப்பாளராக இருந்த மருத்துவர் செ.நெ.தெய்வநாயகம் எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டார். அலோபதியில் கொடுக்க ஒன்றும் கைவசம் இல்லாத காலத்தில் ரசகந்தி மெழுகு, அமுக்கராச் சூரணம், நெல்லிக்காய் லேகியம் என்ற சித்த மருந்துகளைக் கொடுத்தார். அவை கிருமியை அடக்கும் மருந்துகள் என்று நாம் சொல்லவில்லை. ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும்கூட ஆட்கள் அங்கே வந்து சேர்ந்ததற்குக் காரணம், தங்களைத் தொட்டுப் பார்க்கும் கைகள் அங்கே இருந்தன என்பதுதான்.

கிருமியை அடக்கும் மருந்து 1996-இல் வந்துவிட்டது. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் எச்.ஐ.வி. உள்ளவர் நெடுநாள் வாழலாம் என்று அந்த ஆண்டு வான்கூவர் மாநாட்டில் உலகம் அறிந்தது. விலை ஒருவருக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்ளா நிறுவனம், அதே கூட்டு மருந்தை 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்புக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. இதைச் சாத்தியமாக்கியது 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம். மருந்துப் பொருளுக்கே காப்புரிமை கிடையாது, செய்யும் முறைக்கு மட்டும்தான் என்று அந்தச் சட்டம் சொன்னது. அதனால் வேறு முறையில் அதே மருந்தைச் செய்ய முடிந்தது.

மருந்து இந்தியாவிலேயே செய்யப்பட்டு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறியது. இந்திய ஏழைக்கு மட்டும் கிடைக்கவில்லை. 1997-இல் சென்னையில் எச்.ஐ.வி. உள்ளோரின் இந்திய வலையமைப்பைக் கட்டியவர்களில் ஒருவரான அசோக் பிள்ளை 2002-இல் இறந்துபோனார். 1998-இல் கௌசல்யா பெரியசாமியும் தோழிகளும் எச்.ஐ.வி. உள்ள பெண்களின் வலையமைப்பைத் தொடங்கினார்கள். முகத்தை மறைக்காமல் மேடையேறிய இவர்களின் போராட்டத்துக்குப் பிறகு, 2004 ஏப்ரல் 1 அன்று எட்டு அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கியது. தாம்பரம் அவற்றில் ஒன்று. மருந்து கண்டுபிடித்ததற்கும் அது நம் கைக்கு வந்ததற்கும் நடுவே எட்டு ஆண்டுகள். அந்த எட்டு ஆண்டுகளில் இறந்தவர்கள் நோயால் மட்டும் இறக்கவில்லை.

3. ஊசியும் காவல் நிலையமும்

போதை ஊசி போட்டுக்கொள்பவர்களைப் பற்றி நாம் பேசத் தயங்குகிறோம். அதனாலேயே பேச வேண்டும்.

1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. எண்பதுகளில் சென்னையின் வறிய பகுதிகளில் பிரவுன் சுகர் புகைக்கும் பழக்கம் பரவியது. தொண்ணூறுகளில் பலர் புப்ரெனார்பின் என்ற வலிநீக்கி மருந்தை ஊசியில் ஏற்றத் தொடங்கினார்கள். கையில் சிரிஞ்சு வைத்திருந்தால் போலீஸ் பிடிக்கும். அதனால் யாரும் சிரிஞ்சைக் கையில் வைத்துக்கொள்ளவில்லை. ஒன்றையே நான்கு பேர் பயன்படுத்தினார்கள். எச்.ஐ.வி. பரவியதற்கு ஊசி ஒரு காரணம் என்றால், ஊசியைப் பற்றிய பயம் இன்னொரு காரணம்.

ரத்தத்தின் வழியே எச்.ஐ.வி.யைவிட எளிதாகப் பரவும் இன்னொரு கிருமி ஹெபடைடிஸ் சி. 1989-இல்தான் அது அடையாளம் காணப்பட்டது. சிரிஞ்சுக்குள் அது பல வாரங்கள்கூட உயிரோடு இருக்கும். ஊசியைப் பகிராவிட்டாலும், மருந்து கரைக்கும் தண்ணீரையும் பஞ்சையும் பகிர்ந்தால் போதும். பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் காட்டாமல் கல்லீரலைக் கெடுத்து, சிரோசிஸிலும் புற்றுநோயிலும் கொண்டுபோய் விடும். 2005-06இல் சென்னையில் போதை ஊசி போடுபவர்களிடையே நடந்த ஆய்வில் நூற்றுக்குச் சுமார் 30 பேரிடம் எச்.ஐ.வி.யும், 60 பேருக்கு மேல் ஹெபடைடிஸ் சி தொற்றின் தடயமும் காணப்பட்டன. நகரத்தின் ஒரு மூலையில் ஒரு தலைமுறை அழிந்துகொண்டிருந்தது. அது செய்தியாகவில்லை.

இதில் ஒரு முரணைக் கவனியுங்கள். தெருவில் ஊசியாக ஏறிய அதே புப்ரெனார்பின்தான், நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையாக மருத்துவர் கண்முன் கொடுக்கப்படும்போது ஹெராயினுக்கு மாற்று மருந்தாகிறது. ஊசியை விட்டுவிட உதவுகிறது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் அரசே இந்தச் சிகிச்சையை ஏற்றுக்கொண்டது. பொருள் ஒன்றுதான். சிறைக்குப் போகும் வழியா, மருத்துவமனைக்குப் போகும் வழியா என்பதைத் தீர்மானிப்பது அரசின் பார்வை.

4. பன்னிரண்டு வார மருந்து

ஹெபடைடிஸ் சிக்கு முன்பு இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரினும் இருந்தன. ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை போட வேண்டும். காய்ச்சல், சோர்வு, மனச்சோர்வு, கூடவே லட்சக்கணக்கில் செலவு. குணமாகும் என்ற உறுதியும் இல்லை.

2013 டிசம்பரில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் என்ற மாத்திரைக்கு ஒப்புதல் கிடைத்தது. விலை ஒரு மாத்திரை 1,000 டாலர், பன்னிரண்டு வாரத்துக்கு 84,000 டாலர். கிலியட் நிறுவனத்தின் இந்தியக் காப்புரிமைக் கோரிக்கையை எதிர்த்தவர்களில் டெல்லியின் எச்.ஐ.வி. உள்ளோர் வலையமைப்பும் ஒன்று. 2015 ஜனவரியில் காப்புரிமை அலுவலகம் கோரிக்கையை மறுத்தது. 2016 மே மாதம் வழங்கிவிட்டது. இதற்கிடையில் 2014-லேயே ஏழு இந்திய நிறுவனங்களுக்குக் கிலியட் உரிமம் கொடுத்திருந்தது. போட்டியில் விலை சரிந்து, முழுச் சிகிச்சையும் சில ஆயிரம் ரூபாய் என்ற நிலைக்கு வந்தது. 2018 ஜூலை 28 அன்று தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. சோதனையும் மருந்தும் இலவசம். சோஃபோஸ்புவிரும் டக்ளாடஸ்விரும் பன்னிரண்டு வாரம் சாப்பிட்டால் பெரும்பாலோர் முழுமையாகக் குணமாகிறார்கள். எச்.ஐ.வி.யை அடக்கி வைக்கத்தான் முடியும், இதை ஒழித்தே விடலாம்.

5. 'விட்டுவிட்டு வா'

அப்படியானால் இன்னும் ஏன் சாகிறார்கள்? போதை ஊசி போடுபவர் மருத்துவமனைக்குப் போனால் கேட்கும் முதல் வாக்கியம், 'முதலில் பழக்கத்தை விட்டுவிட்டு வா' என்பது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட மாட்டான், மறுபடி நோயை வாங்கிக்கொள்வான், மருந்து வீண் என்பது வாதம்.

இந்த வாதத்துக்குச் சென்னையிலேயே பதில் உண்டு. சோஃபோஸ்புவிர் வந்த புதிதில், போதை ஊசி போட்ட 50 பேருக்கு, தினமும் பணியாளர் கண்முன் மருந்து விழுங்கவைத்து ஓர் ஆய்வு நடந்தது. இன்டர்ஃபெரானும் சேர்த்துப் பன்னிரண்டு வாரம் சிகிச்சை பெற்ற 25 பேரில் 22 பேர் குணமடைந்தார்கள். இன்டர்ஃபெரான் இல்லாமல் 24 வாரம் பெற்ற 25 பேரில் 15 பேர். இன்றுள்ள மருந்துகள் அவற்றைவிட மேலானவை. 2018-இல் உலக சுகாதார நிறுவனமும் ஹெபடைடிஸ் சி உள்ள வயதுவந்தோர் அனைவருக்கும் சிகிச்சை கொடுங்கள் என்று சொல்லிவிட்டது. மறுபடி தொற்றலாம் என்பது உண்மை. அதற்குப் பதில் சுத்தமான ஊசியும் மாற்று மருந்தும். சர்க்கரை நோயாளி இனிப்பு சாப்பிட்டான் என்று யாரும் இன்சுலினை நிறுத்துவதில்லை.

'சுத்தமாகி வா, பிறகு உள்ளே விடுகிறோம்' என்ற குரல் நமக்குப் புதியதா? கோயில் வாசலிலும் குளத்தங்கரையிலும் நம் பாட்டன்மார் கேட்ட குரல் அது. நன்னடத்தைக்குப் பரிசாகக் கொடுப்பதற்குப் பெயர் சலுகை. உரிமைக்கு நன்னடத்தைச் சான்றிதழ் தேவையில்லை.

சட்டம் ஓரளவு நம் பக்கம் இருக்கிறது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், வேலையிலும் மருத்துவத்திலும் கல்வியிலும் பாகுபாட்டைத் தடை செய்கிறது. சுத்தமான ஊசி கொடுப்பது போன்ற பணிகள் குற்றமாகாது என்கிறது. ஆனால் மருந்து தரும் கடமையைச் சொல்லும் இடத்தில் 'இயன்ற அளவு' என்ற சொல்லைப் போட்டிருக்கிறது. அந்தச் சொல்லின் விலை 2022-இல் தெரிந்தது. டொலுடெக்ராவிர் கையிருப்பு இல்லை என்று ஒரு மாதத்துக்கும் மேலாக டெல்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் வாசலில் நோயாளிகள் உட்கார்ந்திருந்தார்கள்.

6. ஏரிக்கரையில் செய்ய வேண்டியவை

இந்தக் கிராமங்களில் இருந்து மாதம் ஒரு நாள் மருந்து வாங்கப் போவதென்றால் ஒரு நாள் கூலி போகிறது, பேருந்துச் செலவு ஆகிறது. 'எங்கே போகிறாய்' என்ற கேள்விக்கு ஒரு பொய்யும் சொல்ல வேண்டியிருக்கிறது. பலர் பாதியில் நிறுத்துவது இதனால்தான். எனவே நாம் கேட்க வேண்டியவை: நிலைபெற்ற நோயாளிகளுக்கு மூன்று மாத மருந்து ஒரே தடவையில் கிடைக்க வேண்டும். ஹெபடைடிஸ் சி சோதனை அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலேயே நடக்க வேண்டும். போதைப் பழக்கம் உள்ளவரைச் சிகிச்சை மறுத்துத் திருப்பி அனுப்பக் கூடாது.

மாணவர்கள் தெரிந்துகொண்டு தெருவில் சொல்ல வேண்டியவை சில உண்டு. எச்.ஐ.வி. மருந்தை விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியாக நோய் பரவாது. ஹெபடைடிஸ் சிக்கு எதிர்ப்புப் புரதச் சோதனை 'பாசிட்டிவ்' என்றால் நோய் இப்போது இருக்கிறது என்று பொருளில்லை. குணமான பிறகும் அது அப்படியே காட்டும். கிருமியை நேரடியாகத் தேடும் ஆர்.என்.ஏ. சோதனை வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவர் அதை மருத்துவரிடம் சொல்லாமல் ஹெபடைடிஸ் சி மருந்தைத் தொடங்கக் கூடாது. ஹெபடைடிஸ் பிக்குத் தடுப்பூசி உண்டு, சிக்குக் கிடையாது.

தனித் தம்ளர் வைத்த வீடுகளுக்கும் நாம் போக வேண்டும். அங்கே உரை நிகழ்த்த வேண்டாம். அந்தப் பெண் தரும் தேநீரை அவள் தம்ளரிலேயே வாங்கிக் குடித்துவிட்டு, அடுத்த மருந்து நாள் எப்போது என்று கேட்டு, உடன் போய் வருவோம்.