வாஸ்கோ ட காமா கிளப்: பன்னிரண்டு பேருக்காக எழுதிய ஒரு கடிதம்

வாஸ்கோ ட காமா என்றால் உங்களுக்கு நினைவுக்கு வருவது பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகமாகத்தான் இருக்கும். 1498, கோழிக்கோடு, மிளகு. பிரேசிலில் அதே பெயரைச் சொல்லிப் பாருங்கள், கால்பந்தைப் பற்றித்தான் பேசுவார்கள். ரியோ டி ஜெனிரோவின் நான்கு பெரிய கிளப்புகளில் ஒன்றின் பெயர் அது.

இரண்டு வாஸ்கோவுக்கும் தொடர்பு உண்டு. 1898 ஆகஸ்ட் 21 அன்று ரியோவில் குடியேறியிருந்த போர்ச்சுக்கீசியர்கள் கூடி ஒரு படகோட்டும் சங்கம் ஆரம்பித்தார்கள். மாலுமி இந்தியாவுக்கு வந்து சரியாக நானூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஞாபகத்தில் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். சின்னத்தில் இன்றும் ஒரு பாய்மரக் கப்பல் இருக்கிறது. 1502இல் இரண்டாம் முறை வந்தபோது மெக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த யாத்ரீகர்களின் கப்பலை ஆட்களோடு கொளுத்திய மனிதர் அவர். அப்படிப்பட்டவர் பெயரை வைத்துக்கொண்ட கிளப் வேறு ஒரு காரணத்துக்காக நல்ல பெயர் எடுத்தது. அந்தக் கதையைத்தான் இந்த இதழில் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

அன்றைய ரியோவைக் கொஞ்சம் கற்பனை செய்துகொள்ளுங்கள். பிரேசிலில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1888 மே 13 அன்றுதான். கிளப் தொடங்கியபோது அதற்குப் பத்து வயது. போர்ச்சுக்கீசியர்களில் பலர் மளிகைக் கடை, ரொட்டிக் கடை, மதுக்கடை என்று வைத்துப் பிழைத்தவர்கள். கையில் காசு இருந்தது, மேல்தட்டில் மதிப்பு இல்லை. 1904இலேயே கலப்பினத்தவரான கெண்டிடோ ஜோசே டி அராவுஜோவை இந்தச் சங்கத்தினர் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் காலத்தில் இது சாதாரண விஷயமில்லை.

கால்பந்து அப்போது கனவான்களின் ஆட்டம். ஐரோப்பாவில் படித்துத் திரும்பிய பணக்கார வீட்டுப் பிள்ளைகள் கொண்டுவந்தது. ஃப்ளுமினென்ஸ் போன்ற கிளப்புகளில் உறுப்பினராவதற்கே குடும்பப் பெயர் வேண்டும். அங்கே ஆடிய கலப்பின வீரர் ஒருவர் முகத்தில் அரிசி மாவுப் பவுடர் பூசிக்கொண்டு மைதானத்தில் இறங்கினார் என்றும், வியர்வையில் அது கரைந்ததைப் பார்த்து எதிர் ரசிகர்கள் கேலி செய்தார்கள் என்றும் ஒரு கதை உண்டு. பவுடர் எதற்கு என்பதில் இன்றுவரை சண்டை. ‘அரிசிப் பவுடர்’ என்ற பட்டப்பெயர் மட்டும் அந்தக் கிளப்பை விட்டுப் போகவில்லை.

வாஸ்கோ கால்பந்துக்கு வந்தது 1915இல்தான். அடுத்த ஆண்டு மூன்றாம் டிவிஷனில் ஆடிய முதல் மேட்சில் 10-1 என்று உதை வாங்கினார்கள். அதற்கப்புறம் ஒரு காரியம் செய்தார்கள். ஆட்டக்காரர்களைத் தேடி ரியோவின் புறநகர்ப் பகுதிகளுக்குப் போனார்கள். நன்றாக ஆடினால் போதும், நிறத்தையும் தொழிலையும் கேட்கவில்லை. கோல்கீப்பர் நெல்சன் டா கான்செய்சாவ் டாக்ஸி ஓட்டியவர், கறுப்பர். சுவருக்கு வெள்ளையடிப்பவர் ஒருவர், துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர் ஒருவர், லாரி டிரைவர் ஒருவர். அணியின் சட்டையும் முழுக் கறுப்பு. ஊரில் அவர்களுக்குப் பெயரே ‘கறுப்புச் சட்டைகள்’.

கறுப்பர்களைச் சேர்த்த முதல் கிளப் வாஸ்கோ என்று பல இடங்களில் படிப்பீர்கள், நம்பிவிடாதீர்கள். அதே ஊரில் பாங்கு என்ற பஞ்சாலைத் தொழிலாளர் கிளப் 1905இலேயே அதைச் செய்துவிட்டது. வாஸ்கோ செய்தது வேறு. அப்படிப்பட்ட அணியை வைத்துக்கொண்டு ஜெயித்தது.

1923இல் முதல் டிவிஷனில் நுழைந்தார்கள். வந்த ஆண்டே சாம்பியன். ஆண்டு முழுவதும் ஒரே ஒரு தோல்வி. இதற்குப் பின்னால் உருகுவேயிலிருந்து வந்த பயிற்சியாளர் ரமோன் பிளாட்டேரோ இருந்தார். மற்ற அணிகள் வாரக் கடைசியில் மட்டும் பந்தைத் தொட்டபோது, இவர் தினமும் ஓடவிட்டார். தினமும் ஓட வேண்டுமென்றால் வேலைக்கு எப்போது போவது? அங்கேதான் போர்ச்சுக்கீசியக் கடைக்காரர்கள் வந்தார்கள். கடையில் வேலை செய்வதாகக் கணக்கு, உண்மையில் பந்தாட்டம். சம்பளம் வாங்கி ஆடுவது அன்று விதிக்கு விரோதம். ஆகவே, ஜெயித்தால் கிடைக்கும் ரொக்கத்துக்கு ‘கோழி’, ‘மாடு’ என்று சங்கேதப் பெயர் வைத்தார்களாம். பிரேசில் கால்பந்தில் வெற்றிக்கான ஊக்கத்தொகையை இன்றும் ‘பிச்சோ’, அதாவது விலங்கு, என்றுதான் சொல்கிறார்கள்.

பெரிய கிளப்புகள் இதை விடுவார்களா? 1924 தொடக்கத்தில் ஃப்ளுமினென்ஸ், ஃபிளமெங்கோ, பொட்டாஃபோகோ, அமெரிக்கா ஆகியவை பழைய லீக்கிலிருந்து வெளியேறிப் புதுச் சங்கம் ஒன்று அமைத்தன. வாஸ்கோவும் சேரலாம், ஆனால் நிபந்தனை உண்டு. இங்கேதான் நாம் கவனிக்க வேண்டும். புதுச் சங்கத்தின் விதிகளில் ‘கறுப்பர் ஆடக்கூடாது’ என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. ஆட்டக்காரருக்குக் கௌரவமான தொழில் இருக்க வேண்டும், அதைச் சங்கம் விசாரித்துப் பார்க்கும். படிவத்தைத் தன் கையால் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். கிளப்புக்குத் தகுதியான சொந்த மைதானம் வேண்டும். எல்லாமே கேட்பதற்கு நியாயம்போலத்தான் இருக்கும். யாரை விலக்குகிறோம் என்று எந்தச் சங்கமும் துணைவிதியில் எழுதிக்கொண்டிருக்காது. யார் தகுதி என்று எழுதினால் வேலை முடிந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அன்றைய பிரேசிலில் ஓட்டே கிடையாது, அது வந்தது 1985இல் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கையெழுத்து விதியை வாஸ்கோ சமாளித்தது. ஆட்டக்காரர்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். குடும்பப் பெயர் எழுதக் கஷ்டமாக இருந்த ஒருவர் ‘சில்வா’ என்று சுருக்கிக்கொண்டதாகச் சொல்வார்கள். ஆனால் புதுச் சங்கம், பன்னிரண்டு பேரின் நிலை சரியில்லை, நீக்கிவிட்டு வாருங்கள் என்றது.

1924 ஏப்ரல் 7 அன்று வாஸ்கோவின் தலைவர் ஜோசே அகஸ்டோ பிரெஸ்டெஸ் பதில் எழுதினார். சிறிய கடிதம், மரியாதையான நடை. விசாரணை நடந்த விதத்தையும், சிறிய கிளப்புகளுக்கு உரிமை குறைத்திருப்பதையும் முதலில் சொல்கிறார். பிறகு பன்னிரண்டு பேர் விஷயம்: இவர்கள் வாழ்க்கையைத் தொடங்கும் இளைஞர்கள், அவர்கள்மேல் கறை வைக்கும் காரியத்தை, அவர்களே பெருமை சேர்த்த கிளப் செய்யாது. ஆகவே நாங்கள் உங்கள் சங்கத்தில் சேரவில்லை.

கடிதத்தில் நிறம் என்ற பேச்சே இல்லை. இதைக் காட்டி, சண்டை நிறத்துக்காக இல்லை, காசு வாங்கி ஆடியதற்காகத்தான் என்று வாதாடுபவர்கள் உண்டு. அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் காசு வாங்காமல் ஆட யாரால் முடியும் என்று கேட்டால், பதில் மறுபடி அதே இடத்துக்குத்தான் போகிறது.

அந்த ஆண்டு வாஸ்கோ பழைய லீக்கிலேயே ஆடி அங்கும் சாம்பியன் ஆனது. பெரிய கிளப்புகளுக்குக் கூட்டம் சேர்க்க வாஸ்கோ தேவைப்பட்டது. 1925இல் தங்கள் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

மிச்சம் இருந்தது மைதானம். உறுப்பினர்களிடம் வசூல் இறங்கியது. (நம் பொருளாளர் இந்தப் பகுதியை இரண்டு முறை படிப்பார் என்று நம்புகிறேன்.) கடைக்காரர்களும் தொழிலாளர்களும் கொடுத்த பணத்தில், சாவ் கிறிஸ்டோவாவ் பகுதியில், ஓராண்டுக்குள் சாவ் ஜனுவாரியோ ஸ்டேடியம் எழுந்தது. திறப்பு விழா 1927 ஏப்ரல் 21. அன்றைய மேட்சில் சாண்டோஸிடம் 5-3 என்று தோற்றார்கள், அது கிடக்கட்டும். 1940 வரை பிரேசிலில் அதைவிடப் பெரிய ஸ்டேடியம் கிடையாது. அதிபர் கெட்டூலியோ வர்காஸ் தொழிலாளர் கூட்டங்களை அங்கேதான் நடத்தினார்.

அப்படியே சுபம் போட்டுவிடலாம் என்றால் 1950 குறுக்கே வருகிறது. அந்த உலகக் கோப்பையின் கடைசி மேட்சில் இறங்கிய பிரேசில் அணியில் ஐந்து பேர் வாஸ்கோ ஆட்டக்காரர்கள். பயிற்சியாளரும் வாஸ்கோகாரர். டிரா செய்தாலே கோப்பை. உருகுவே 2-1 என்று ஜெயித்தது. பழி கோல்கீப்பர் பார்போசாவின் தலையில் விழுந்தது. அவர் கறுப்பர். பிரேசிலில் எந்தக் குற்றத்துக்கும் முப்பது ஆண்டுக்குமேல் தண்டனை இல்லை, எனக்கு மட்டும் முடியவே இல்லை என்று வயதான காலத்தில் சொன்னார். 2000இல் இறந்தார். கறுப்பர் ஒருவர் உலகக் கோப்பையில் மறுபடி பிரேசிலின் முதல் கோல்கீப்பராக நிற்க 2006 ஆனது.

வாஸ்கோவின் பிற்காலத்தை வேகமாகச் சொல்லிவிடலாம். நூற்றாண்டு ஆண்டான 1998இல் தென் அமெரிக்காவின் பெரிய கோப்பையான லிபர்டடோரெஸை வென்றார்கள். 2008 தொடங்கி நான்கு முறை இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கினார்கள்.

2023 ஜூனில் ஒரு மேட்ச் முடிந்து கலவரமானதால், நீதிமன்றம் சாவ் ஜனுவாரியோவில் ரசிகர்களுக்குத் தடை போட்டது. அதற்கு அடிப்படையான அறிக்கையில், குறுகலான தெருக்கள், பக்கத்துக் குடிசைப் பகுதி, அங்கே கேட்கும் துப்பாக்கிச் சத்தம் எல்லாம் குறையாக எழுதப்பட்டிருந்தன. ஏழைகள் பகுதி என்பதால்தானே இந்தப் பூட்டு என்று ரசிகர்கள் கொதித்தார்கள். மேட்ச் நாளில் தின்பண்டம் விற்றுப் பிழைக்கும் அந்தப் பகுதி மக்களும் அவர்களோடு சேர்ந்தார்கள். செப்டம்பரில் கதவு திறந்தது.

உங்களில் யாராவது ரியோ பக்கம் போனால், மரக்கானாவோடு நிறுத்திக்கொள்ளாமல் இங்கேயும் ஒரு எட்டுப் போய்வாருங்கள். பிரெஸ்டெஸ் எழுதிய கடிதத்தைக் கோப்பைகளோடு வைத்திருக்கிறார்கள்.