சந்திரனில் இறங்கிய கணனி

1969ஆம் ஆண்டு யூலை மாதம் 20ஆந் திகதி. நீல் ஆம்ஸ்ரோங்கும் பஸ் ஓல்ட்ரினும் சென்ற ‘ஈகிள்’ என்னும் இறங்குகலம் சந்திரனுக்கு மேலே ஏறக்குறைய 33,000 அடி உயரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அவ்வேளையில் கலத்தின் கணனி அபாய அறிவிப்பொன்றை விடுத்தது. தோன்றிய எண் 1202. அதன் பொருள் வீரர் இருவருக்கும் விளங்கவில்லை. இறங்குவதா, திரும்புவதா? சில செக்கன்களில் விடை வேண்டியிருந்தது.

அப்பொலோக் கலங்களின் வழிகாட்டுக் கருவியை அமைக்கும் பொறுப்பு 1961இல் அமெரிக்காவின் மசாச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்து ஆய்வுகூடமொன்றிடம் ஒப்படைக்கப்பெற்றது. அக்காலத்துப் பெருங் கணனிகள் ஓர் அறையையே நிறைப்பன. ஆய்வுகூடத்தார் ஆக்கியதோ 70 இறாத்தல் நிறையுள்ள பெட்டி. எழுதியழிக்கத்தக்க அதன் நினைவகம் 2,048 சொற்களையே கொள்ளும். மாறா நினைவகம் 36,864 சொற்களைக் கொள்ளும். ‘சொல்’ என்றது கணனி ஒரு முறையிற் கையாளும் எண்தொகுதியை.

இம்மாறா நினைவகம் உண்மையிலேயே நெய்யப்பட்டதாகும். தொழிற்சாலையிலே பெண்கள் நுண்ணிய கம்பிகளைச் சிறு காந்த வளையங்களினூடே கோத்தனர். கம்பி வளையத்தினுள்ளே சென்றால் ஒன்று. புறத்தே சென்றால் பூச்சியம். நெய்து முடிந்தபின் ஓர் எழுத்தைத் திருத்துவதும் பெருந் தொல்லை. ஆதலின் கட்டளைகள் யாவும் பயணத்திற்குப் பல மாதங்கள் முன்னரே முடிவாதல் வேண்டும்.

இத்துணைச் சிறு கருவி பல வேலைகளை ஒருங்கே செய்தது எங்ஙனம்? ஹால் லேனிங் என்பார் வகுத்த முறைப்படி ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தரவரிசை உண்டு; உயர்ந்தது முந்தும். வேலை மிகுந்து இடம் நிரம்பினால் கணனி தன்னைத் தானே மீளத் தொடக்கும். கலத்தைச் செலுத்தும் வேலை விட்ட இடத்திலிருந்து தொடரும்; சிறு வேலைகள் கைவிடப்படும். 1202 இதனையே அறிவித்தது. தாய்க்கலத்தைத் தேடுவதற்கான றேடாரிலிருந்து பயனற்ற துடிப்புகள் இடையறாது வந்து, கணனியின் நேரத்திற் பத்திலொரு பங்குக்கு மேல் விழுங்கிவிட்டன.

ஹியூஸ்ரன் நிலையத்தில் வழிகாட்டலுக்குப் பொறுப்பாயிருந்த ஸ்ரீவ் பேல்ஸுக்கு வயது 26. அவருக்குத் துணைநின்ற ஜாக் கார்மனுக்கு 24. சில நாட்களின் முன் நடந்த ஒத்திகையில் இத்தகைய அறிவிப்பொன்றைக் கண்டு பேல்ஸ் இறங்குதலை நிறுத்திவிட்டார். அது தவறெனப் பின்னர் தெரிந்தது. அதன் பின்னரே கார்மன் அறிவிப்பெண்கள் அனைத்தையும் தாளொன்றிற் கைப்பட எழுதி வைத்துக்கொண்டார். இப்போது அத்தாள் அவர் முன்னிருந்தது. கலம் பிறழாது செல்கின்றமையால் தொடரலாம் என அவர் கூற, பேல்ஸ் அதனை ஏற்றார்.

அறிவிப்பு மேலும் சில முறை எழுந்தது. கணனி ஒவ்வொரு முறையும் மீண்டது. இறுதியிற் பாறைகள் நிறைந்த குழியைக் கடந்து ஆம்ஸ்ரோங் ‘ஈகிளை’ இறக்கினார்.