தோட்டத்துத் திடலும் திரைப்பட உரையாடலும்

ஒரு மக்களினத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் அரசாங்கப் பதிவேட்டையும் நாடுவது மரபு. ஆயின், உழைக்கும் மக்கள் வேலை முடிந்து ஓய்ந்திருந்த பொழுதில் எதைப்பற்றிப் பேசினார்கள் என்பதை எந்தப் பதிவேடும் குறித்து வைப்பதில்லை. மலாக்கா மாநிலத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர் தாம் கண்ட திரைப்படங்களைத் தம்முள் பகிர்ந்து பேசி மகிழ்ந்த வரலாறு அவ்வாறு எழுதப்படாமற் போன ஒன்றாகும்.

தோட்டமும் படமும்

மலாயாவில் ரப்பர் வாணிக முறையில் முதன்முதலாகப் பயிரிடப்பட்டது மலாக்காவிலேதான். டான் சே யான் என்னும் சீன வணிகர் 1896ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பின்னர் புக்கிட் அசஹான் முதலிய இடங்களிற் பெருந்தோட்டங்கள் எழுந்தன. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தோர் அவற்றின் லயங்களிற் குடியமர்ந்தனர். விடியுமுன் பெரட்டு, அதன்பின் பால்வெட்டு என்று கழிந்த வாழ்க்கையில், கோயில் திருவிழாவும் கூத்தும் பாரதம் படித்தலுமே பொழுதுபோக்காக இருந்தன.

தமிழ் பேசிய முதற் படமாகிய 'காளிதாஸ்' 1931ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் பின்னர் பேசும் படங்கள் கடல் கடந்து வரத் தொடங்கின. 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியில் இந்தியாவுடன் கப்பற் போக்குவரத்து அறுந்தமையால் அவ்வரவும் தடைப்பட்டது. போர் முடிந்தபின், ஷா, கேத்தே ஆகிய நிறுவனங்கள் தமிழ்ப் படங்களைத் தருவித்து நகரக் கொட்டகைகளிற் காட்டின. சம்பளம் வாங்கிய வாரத்தில் ஜாசினிலிருந்தும் அலோர் காஜாவிலிருந்தும் பஸ் ஏறி மலாக்கா நகருக்குச் சென்று படம் பார்த்துத் திரும்புவது பெரிய நிகழ்ச்சியாயிற்று.

தோட்டத்திலேயே படம் காட்டும் வழக்கமும் பரவியது. திடலில் இரு கம்பங்களுக்கிடையே வெள்ளைத் துணி கட்டப்படும். இடம் போதாதபோது துணியின் மறுபுறத்திலும் மக்கள் அமர்வர். அங்கிருந்து பார்த்தோர்க்கு எழுத்துக்கள் தலைமாறித் தெரியும். கதாநாயகன் இடக்கையால் வாள் வீசுவான். எனினும் காதால் கேட்ட வசனம் இருபுறத்தார்க்கும் ஒன்றே. அதனாற்றான் மறுநாட் பேச்சில் காட்சியைவிட வசனமே முதலிடம் பெற்றது போலும்.

அரசாங்கத்தின் வண்டி, மக்களின் பேச்சு

1946ஆம் ஆண்டில் மலாயன் பிலிம் யூனிட் தோன்றியது. 1948 முதல் 1960 வரை நடந்த அவசரகாலத்தில், தகவல் இலாகாவின் நடமாடும் படக்காட்சி வண்டிகள் கம்பங்களுக்கும் தோட்டங்களுக்கும் சென்றன. கம்யூனிஸ்டுகளிடமிருந்து மக்களைப் பிரித்து, அரசாங்கத்தின் பக்கம் ஈர்ப்பதே அவற்றின் நோக்கம். ஆனால், படம் காட்டுவோன் விரும்பியதை மட்டுமே பார்ப்போன் எடுத்துக்கொள்வான் என்பதற்கில்லை. திடலிற் கூடிய மக்கள் தத்தம் வாழ்க்கையோடு பொருந்தியதையே பேச்சுக்கு எடுத்துக்கொண்டனர்.

இதற்குத் தக்க சான்று 'பராசக்தி'. 1952ஆம் ஆண்டுத் தீபாவளியன்று தமிழகத்தில் வெளிவந்த அப்படத்தின் கதை, இரங்கூனிற் பிழைக்கச் சென்ற சகோதரர்களையும், தாயகத்தில் அல்லலுறும் தங்கையையும் பற்றியது. ஊரில் உறவினரை விட்டுக் கடல் கடந்து வந்தவர்க்கு இது பிறர் கதையன்று. மு. கருணாநிதி எழுதிய நீதிமன்ற வசனத்தை இளைஞர் மனப்பாடஞ் செய்தனர். அதற்கு முன்னரே, 1949ஆம் ஆண்டில், அறிஞர் அண்ணாவின் 'வேலைக்காரி' முதலாளிக்கும் பணியாளுக்கும் உள்ள உறவைப் பேசுபொருளாக்கியிருந்தது. துரையையும் கங்காணியையும் பற்றி வெளிப்படையாகப் பேச அஞ்சியோர்க்கு ஜமீன்தாரைப் பற்றிப் பேசுவது எளிதன்றோ?

எழுத்தறிவு குறைந்திருந்த அந்நாளில் சினிமாப் பாட்டுப் புத்தகமும் ஒரு வாசிப்பு நூலாயிற்று. அதில் பாடல்களோடு கதைச் சுருக்கமும் இருக்கும். கதையைப் பாதியில் நிறுத்தி, எஞ்சியதை வெண்திரையிற் காணுமாறு கூறி முடிப்பர். பள்ளிப்பிள்ளை உரக்கப் படிக்க, முதியோர் சுற்றியிருந்து கேட்டு, முடிவு எவ்வாறிருக்கும் என்று வாதிடுவர். 1942இல் தொடங்கிய 'பேசும் படம்' முதலிய ஏடுகளும் இவ்வாறே கைமாறிப் படிக்கப்பட்டன.

இரு கட்சி

1958ஆம் ஆண்டில் எம்.ஜி.ஆர். தாமே தயாரித்து, இயக்கி, இரட்டை வேடத்தில் நடித்த 'நாடோடி மன்னன்' வந்தது. மறு ஆண்டில் சிவாஜி கணேசனின் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வந்தது. அதற்காக அவர் 1960ஆம் ஆண்டில் கெய்ரோ ஆசிய–ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவிற் சிறந்த நடிகர் விருது பெற்றார். கடைத்தெருவின் அஞ்சடியிலும், லயத்து வாசலிலும் ரசிகர் இரு கட்சியாயினர். நடிப்பு பெரிதா, நல்லொழுக்கத்தைக் காட்டும் பாத்திரம் பெரிதா என்பதே வழக்கு.

இவ்வழக்காடும் முறை தமிழர்க்குப் புதிதன்று. மணிமேகலை பட்டிமண்டபத்தைக் குறிப்பிடுகிறது. தஞ்சை வட்டாரத்து லாவணியில் மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சியும், எரியவில்லை என்று மறு கட்சியும் இரவு முழுதும் பாடுவர். அந்த மரபே திரைப்படத்தைப் பற்றிக்கொண்டது எனலாம்.

லண்டனில் 1925ஆம் ஆண்டிலும், கல்கத்தாவில் 1947ஆம் ஆண்டிலும் திரைப்படச் சங்கங்கள் நிறுவப்பட்டன. கல்கத்தாச் சங்கத்தை அமைத்தோருள் சத்யஜித் ராய் ஒருவர். அங்கே உறுப்பினர் பட்டியலும் கட்டுரைகளும் எஞ்சின. தோட்டத்து ரசிகர்க்கோ நிகழ்ச்சிக் குறிப்பேடு இல்லை. ஆகவே, அவர்கள் சிந்தித்தே பார்த்தனர் என்பதையும் உலகம் அறியவில்லை.

இதனால் எல்லாம் நன்மையே விளைந்தது என்று கொள்ளலாகாது. ரசிகர் பூசல் பகையாக முற்றியதும் உண்டு. கூலியின் ஒரு பகுதி கொட்டகைக்குச் சென்றதும் உண்டு. கடைத்தெரு வாதங்களில் ஆண் குரலே ஓங்கியது. பெண்கள் தமக்குள் பேசியது இன்னும் குறைவாகவே அறியப்பட்டுள்ளது. எனினும், செந்தமிழ்ச் சொற்கள் பலவற்றை அம்மக்கள் நாவிற் பழக்கியதில் பள்ளிக்கு அடுத்த இடம் படத்திற்கே உரியது.

மலாய்த் திரையுலகிலும் தமிழர் பங்கு உண்டு. எல். கிருஷ்ணன் 1950ஆம் ஆண்டில் 'பக்தி' படத்தின் மூலம் பி. ரம்லியைக் கதாநாயகனாக்கினார். மலாக்காவின் வீரன் ஹங் துவாவின் கதையை 1956ஆம் ஆண்டில் இயக்கியவர் இந்தியரான பானி மஜும்தார்.

இன்று செய்யத்தக்கது

1963ஆம் ஆண்டு டிசம்பரில் தொலைக்காட்சி தொடங்கியது. பின்னர் வீடியோ வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்தனர். திடலில் அமர்ந்தோரின் வழிவந்தோர் வாழ்க்கையே பின்னர் திரைக்கு வந்தது. 2005இல் தீபக் குமாரன் மேனனின் 'செம்மண் சாலை' தோட்டக் குடும்பத்தைக் காட்டியது. 2015இல் சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' வெளிவந்து, மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவிற் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வு பெற்றது.

'பராசக்தி'யைத் திடலிற் கண்டோர் இன்று எண்பதைக் கடந்தவர். எந்தப் படம், எந்தத் தோட்டம், யாருடன் சென்றீர்கள், மறுநாள் என்ன பேசினீர்கள் என்னும் நான்கு கேள்விகளைப் பள்ளி மாணவர் தம் பாட்டனையும் பாட்டியையும் கேட்டு ஒரு நோட்டில் எழுதிவைத்தல் வேண்டும். பாட்டியிடம் முதலிற் கேட்பது நன்று.