இலங்கைத் தமிழ்ப் பொப்பிசை

இலங்கைத் தமிழ்ப் பொப்பிசை 1960களில் உருவாகி, 1970களில் உச்சம் கண்டு, 1983க்குப் பின் அந்நாட்டு மேடைகளில் பெரிதும் அடங்கிப்போன இசைவகை. துள்ளிசை என்றும் வழங்கும். திரைப்படத்தைச் சாராமல் தமிழில் மக்கள் செல்வாக்குப் பெற்ற மெல்லிசை என்பதே இதன் தனிச்சிறப்பு.

பின்னணி

1960களில் கிதார் இசைக்குழுக்கள் உலகெங்கும் கிளம்பின. கொழும்பில் 'தி ஜெட்லைனர்ஸ்' ஆங்கிலப் பாடல்களால் புகழ்பெற்றது. போர்த்துக்கேயரும் அவர்களுடன் வந்த ஆப்பிரிக்கரும் விட்டுச்சென்ற தாளங்களிலிருந்து பிறந்த பைலா ஏற்கெனவே சிங்களத்தில் வேரூன்றியிருந்தது. கிதாரும் பைலாத் தாளமும் ஈழத்துப் பேச்சுத் தமிழும் சேர்ந்தபோது பொப்பிசை உருவாயிற்று.

எழுச்சி

யாழ்ப்பாணம் உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் இதன் தந்தையாகக் கருதப்படுகிறார். 'சின்ன மாமியே', 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' ஆகிய அவரது பாடல்கள் ஊர்ப்பேச்சையும் குடும்பக் கேலியையும் அப்படியே மேடையேற்றின. திருகோணமலைச் சகோதரர்கள் பரமேஷும் கோணேஷும் காதல் மெல்லிசையில் பெயர்பெற்றனர். ஏ. ஈ. மனோகரன் பாடிய, சிங்களமும் தமிழும் கலந்த 'சுராங்கனி' கடல் கடந்தது. 1977இல் இளையராஜா அதன் மெட்டை 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் பயன்படுத்தினார்.

இப்பாடல்களைப் பரப்பிய இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு தமிழகத்தின் தென்பகுதியிலும் தெளிவாகக் கேட்டது. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி வட்டாரங்களில் அதற்குப் பெருந்திரளான நேயர்கள் இருந்தனர். 1970–77 ஆட்சிக்காலத்தின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் உள்நாட்டுக் கலைகளுக்கு இடம் திறந்துவிட்டதும் பொப்பிசை வளரத் துணைநின்றது.

தளர்வு

1977இல் வந்த திறந்த பொருளாதாரக் கொள்கை அந்தப் பாதுகாப்பை நீக்கியது. ஒலிநாடாக்களின் வழியே தமிழகத் திரைப்பாடல்கள் வீடுகளை நிறைத்தன. 1983 ஜூலை வன்செயல்களும் தொடர்ந்த போரும் அதைவிடப் பெரிய அடியாயின. இரவு நிகழ்ச்சிகள் நடத்த முடியாத சூழல் வந்தது. கலைஞர்களும் நேயர்களும் நாடுநாடாகச் சிதறினர். தமிழர் பகுதிகளில் போர்க்காலப் பாடல்கள் முன்னுக்கு வந்தன. நித்தி கனகரத்தினம் ஆஸ்திரேலியாவில் குடியேறினார். மனோகரன் 'சிலோன் மனோகர்' என்ற பெயரில் தமிழ், மலையாளப் படங்களில் நடித்து, 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார்.

இன்றைய இடம்

புதிய பாடல்கள் குறைந்துவிட்டாலும் பழையவை அழியவில்லை. கனடா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் வாழும் ஈழத்தமிழர் திருமண விழாக்களிலும் ஒன்றுகூடல்களிலும் அவற்றைப் பாடுகின்றனர். யாழ்ப்பாண வழக்குச் சொற்களையும் 1970களின் அன்றாட வாழ்வையும் காத்துவைத்திருக்கும் சான்றுகள் என்ற வகையில் இப்பாடல்கள் மொழி, சமூக ஆய்வுகளுக்கும் மதிப்புடையவை.