ஊர்ப் பொதுவான ஏரியும் பூங்காவும்

மதுரை, திண்டுக்கல் வட்டாரத்துச் சிற்றூர்களில் மந்தை என்று ஓர் இடம் உண்டு. மாடுகள் கூடும் இடம் அது. திருவிழாவில் கூத்து நடைபெறும் இடமும் அதுவே. மாலையில் பிள்ளைகள் சடுகுடு ஆடுவதும் அங்கேதான். அது தனி ஒருவருடைய சொத்து அன்று. ஆகவே எல்லாருடைய சொத்தும் ஆகும். உழைத்துக் களைத்த மக்கள் கூடிக் களிப்பதற்குப் பொது இடம் ஒன்று வேண்டும் என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். அத்தகைய இடங்கள் எவ்வாறு உண்டாகின்றன, எவ்வாறு அழிகின்றன, எவ்வாறு காக்கப்படுகின்றன என்பதைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

கீழ்ப் பழனி மலையில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே, ஆடலூர் என்னும் மலையூர் இருக்கிறது. பெயர் வந்த வரலாறு எதுவாயினும், அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆடலும் பாடலுமே நினைவுக்கு வருகின்றன. அதே மலைத் தொடரில் மேற்கே உயர்ந்து சென்றால், ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் கோடைக்கானல் இருக்கிறது. ஆட்டத்திற்கும் ஓய்வுக்கும் உரிய ஒரு பொது இடத்தின் வரலாற்றை அவ்வூர் ஏரியில் காணலாம்.

1821-ஆம் ஆண்டில் வார்டு என்னும் ஆங்கிலப் படை அதிகாரி இம்மலையை அளந்தார். 1845-இல் மதுரையிலிருந்த அமெரிக்கப் பாதிரிமார் வெயிலுக்கும் நோய்க்கும் அஞ்சி இங்கே வீடு கட்டிக் கொண்டனர். அப்போது இங்கு ஏரி இல்லை. ஓடைகள் பாயும் சதுப்புப் பள்ளத்தாக்கு ஒன்றே இருந்தது. மதுரை மாவட்டக் கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் என்பவர் 1863-இல் அந்த ஓடைகளுக்கு அணை போட்டார். அதற்குத் தம் சொந்தப் பணத்தையே செலவிட்டார் என்று கூறுவர். நீர் தேங்கிப் பள்ளத்தாக்கின் கிளைகளிலெல்லாம் புகுந்து, விண்மீன் வடிவில் ஏறத்தாழ 60 ஏக்கர் ஏரியாயிற்று. அதில் விடுவதற்குத் தூத்துக்குடியிலிருந்து படகும் வரவழைத்தார். கடற்கரைப் படகு மலையுச்சிக்கு வந்த அக்காலத்தில் மலைமேல் வண்டிச் சாலை கிடையாது. சாலை அமைந்தது 1910-களில்தான். அதற்கு முன் துரைமாரும் அவர்தம் மூட்டை முடிச்சுகளும் நம் நாட்டுக் கூலியாட்களின் தோள்மீதே மலையேறின.

சுமந்தவர்கள் அந்தப் படகில் ஏறினார்களா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 1890-இல் படகுச் சங்கம் ஒன்று தோன்றியது. பொதுமக்களுக்கும் பயணிகளுக்கும் அதன் கதவு திறந்தது 1932-இல்தான். இடையே 1908-இல், ஏரியின் கீழ்க்கரையில், வன அதிகாரி பிரையண்டு திட்டமிட்ட பூங்கா உருவாயிற்று. இன்று இந்த ஏரியும் பூங்காவும் எல்லாருக்கும் உரியவை. சிலருக்காகப் பிறந்த இடம் பலருக்கு உரியதாவதும் வரலாற்றில் ஓர் ஆக்கமே.

இனிச் சென்னைக்கு வருவோம். அங்கே இக்கதை நேர்மாறாக நடந்தது. மேனாட்டில் 1847-இல் இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட் நகரம் ஊரார் வரிப்பணத்தில் ஒரு பூங்காவைத் திறந்தது. அமெரிக்கரும் அதைக் கண்டு நியூயார்க்கில் பெரும் பூங்கா அமைக்கலாயினர். அந்தக் காற்று சென்னையிலும் வீசியது. 1859-இல் ஆளுநர் டிரெவெலியன் காலத்தில் 116 ஏக்கர் பரப்பில் ‘பீப்பிள்ஸ் பார்க்’ என்னும் மக்கள் பூங்கா திட்டமிடப்பட்டது. குளங்கள், நிழற்சாலைகள், இசை மேடை, விலங்குக் காட்சி எல்லாம் அங்கே இருந்தன. பிறகு நிகழ்ந்தது என்ன? ஒரு மூலையில் விக்டோரியா பொது மண்டபம் எழுந்தது. அடுத்து மூர் மார்க்கெட் வந்தது. 1913-இல் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை திறக்கப்பெற்றது. பின்னர் விளையாட்டரங்கமும் அங்கேயே அமைந்தது. விலங்குகள் 1985-இல் வண்டலூரில் புது இடம் பெற்றன. இன்று எஞ்சியிருப்பது ஒரு சிறு தோட்டமே. இந்தக் கட்டடங்களில் ஒன்றையும் தீயது என்று சொல்ல முடியாது என்பதை எண்ணிப் பாருங்கள். பொது இடத்தைப் பகைவர் வந்து கவர்வதில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு நல்ல காரணம் வந்து ஒரு துண்டைக் கேட்கிறது.

கோடைக்கானல் ஏரியை எவரும் துண்டு போடவில்லை. ஆயினும் அதற்கும் பகை உண்டு. மழை தோறும் சரிவுகளிலிருந்து வண்டல் இறங்குகிறது. விடுதிகள் பெருகப் பெருகக் கழிவுநீர் கலக்கிறது. அந்தக் கழிவை உண்டு நீர்க்களைகள் செழிக்கின்றன. ஊரிலிருந்த வெப்பமானித் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டது. ஆனால் ஏரியின் நீரிலும் சேற்றிலும் மீனிலும் பாதரசம் இருப்பதை 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. கூட்டம் மிகுந்துவிடவே, 2024 மே மாதத்திலிருந்து கோடைக்கானலுக்கு வருவோர் முன்கூட்டியே மின்சீட்டுப் பெற வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. லெவிஞ்ச் ஒரு முறை செலவிட்டு ஏரியை உண்டாக்கினார். அதைத் தூர்வாரவும் கழிவைத் திருப்பிவிடவும் ஆண்டுதோறும் செலவிட வேண்டியிருக்கிறது. முதற் செலவுக்குப் புகழ் உண்டு. பின்வரும் செலவுகளுக்கு அது இல்லை. ஆகவேதான் ஊர்கள் முதற் செலவை விரும்பிச் செய்கின்றன, அடுத்த செலவை மறந்துவிடுகின்றன.

நம் முன்னோர் இதை மறக்கவில்லை. உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உண்டு. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்னும் குழுக்கள் காணப்படுகின்றன. குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பெற்ற உறுப்பினர் ஓராண்டு பணி செய்வர். முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவருக்கு மீண்டும் இடமில்லை. இவ்வாறு ஆட்களை அமைத்ததோடு அக்காலத்தவர் நிற்கவில்லை. ஏரியைப் பேணுவதற்கென்றே நிலம் ஒதுக்கி, அதற்கு ஏரிப்பட்டி என்று பெயரிட்டனர். அந்நிலத்தின் விளைச்சல் ஏரியின் பராமரிப்புக்குச் செல்லும். இதைவிடச் சிறந்த முதலீடு எது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைய விளையாட்டுத் திடலுக்கும் நீச்சல் குளத்திற்கும் பூங்காவிற்கும் இத்தகைய ஏரிப்பட்டி ஒன்று வேண்டும். திறப்பு விழா நாளிலேயே வேண்டும்.

மாணவ நண்பர்களே, உங்கள் ஊரிலும் ஒரு மந்தை இருக்கும். அல்லது ஒரு குளமோ திடலோ இருக்கும். அதன் எல்லை எது, முன்பு எவ்வளவு இருந்தது, சென்ற ஆண்டு அதற்காகச் செலவிட்ட தொகை எவ்வளவு என்று கேட்டறியுங்கள். கிராம சபை கூடும் நாளில் பெரியோருடன் சென்று, கணக்கைப் படிக்கும்போது கவனித்துக் கேளுங்கள். அந்தத் திடலில் நாளை ஆடப்போகிறவர்கள் உங்கள் தம்பி தங்கையர். அவர்களுக்காகக் கேட்பதற்கு இன்று உங்களைத் தவிர வேறு ஆள் இல்லை.